விடுதிக்காரர் போடும் மதிப்பெண்

சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையின் மகன் ஒரு சீட்டுக்கட்டுடன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பொறியியல் படிப்பை முடித்து, மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லவிருந்த பிள்ளை. "மாமா, கணக்குத் தெரிந்தவன் அந்த நாட்டுக் காசினோக்களில் பிளாக்ஜாக் ஆடியே படிப்புச் செலவைச் சம்பாதித்து விடலாமாமே, உண்மையா?" என்று கேட்டான். பல்லாண்டுகள் கணித ஆசிரியனாக இருந்தவனிடம் கேட்கத்தக்க கேள்விதான். "கூடாது" என்று ஒரே சொல்லில் விடை கூறியிருக்கலாம். ஆனால் வழிமுறை காட்டாத விடைக்கு நான் மாணவர்களுக்கு மதிப்பெண் தந்ததில்லை. நானே அப்படி விடை சொல்லலாமா? ஆகவே மூன்று மாலைகள் அவனோடு உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். அதிலிருந்து நாங்கள் இருவரும் கற்றதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மாணவ நேயர்களே, சூதாட்டத்தைப் பற்றி உங்களுக்குப் பேச்சா என்று பெரியோர் சிலர் கவலை கொள்ளக் கூடும். சூதைக் கற்பிப்பது என் நோக்கமன்று. ஒருவன் செய்த முடிவு நல்லதா, கெட்டதா என்பதை எதைக் கொண்டு நிதானிப்பது? அதுவே இப்பேச்சின் பொருள். இக்கேள்விக்கு விடை காண்பதில் சூதாட்ட விடுதிக்காரர்கள் நம்மில் பலரைக் காட்டிலும் தேர்ந்தவர்கள். தேராவிட்டால் அவர்கள் கல்லா காலியாகிவிடும் அல்லவா?

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடுபவருக்கு இரண்டு சீட்டு. விடுதியின் சார்பில் சீட்டுப் போடுபவருக்கும் இரண்டு. அவருடைய சீட்டுகளில் ஒன்று மட்டும் எல்லோரும் காணத் திறந்திருக்கும். படச் சீட்டுகளுக்குப் பத்து மதிப்பு. ஏஸ் சீட்டுக்கு ஒன்று அல்லது பதினொன்று. 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்குபவர் வெல்வார். வேண்டுமானால் மேலும் சீட்டு வாங்கலாம். 21-ஐத் தாண்டினால் பணயம் அப்போதே போயிற்று. சீட்டுப் போடுபவர் பின்னர்த் தாமும் தாண்டினாலும் அது திரும்பி வராது. விடுதியின் இலாபத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. சீட்டுப் போடுபவருக்குச் சுயேச்சை கிடையாது. பதினாறு வரையில் வாங்கியே தீர வேண்டும், பதினேழில் நின்றே தீர வேண்டும். ஆடுபவருக்கோ ஒவ்வொரு தடவையும் யோசிக்க இடமுண்டு. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் சேர்ந்து வந்துவிட்டால், பழைய நல்ல விதிப்படி, பணயத்தைப் போல ஒன்றரை மடங்கு கிடைக்கும்.

யோசிக்க இடமிருக்கும் ஆட்டத்தில் கணிதத்துக்கு வேலை உண்டு. அமெரிக்க ராணுவத்தின் அபர்தீன் சோதனைக் களத்தில் பணிபுரிந்த ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்ட்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மக்டர்மட் என்னும் நால்வர், மேசைக் கணக்குப் பொறிகளைத் தட்டித் தட்டி, எந்தக் கைக்கு எதைச் செய்வது சிறந்தது என்று கணக்கிட்டு, 1956-இல் புள்ளியியல் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார்கள். இதனை அடிப்படை முறை என்பர். இம்முறையைத் தவறாது பின்பற்றுபவர், நல்ல விதிகள் உள்ள மேசையில், நூறு டாலர் பணயம் வைத்தால் சராசரியாக அரை டாலர் அளவே இழப்பார். மனம் போனபடி ஆடுபவரோ இரண்டு டாலர் அளவு இழப்பார். இழப்பு குறைந்ததே ஒழிய, இன்னும் இழப்புத்தான்.

அதையும் இலாபமாக்க ஒரு வழி கண்டவர் எட்வர்ட் தார்ப் என்னும் கணித அறிஞர். பகடையை உருட்டினால், முன்பு என்ன விழுந்தது என்பது அதற்கு நினைவிராது. சீட்டுக்கட்டு அப்படியன்று. வெளியே வந்துவிட்ட சீட்டு, மறுபடி கலைக்கும் வரையில் உள்ளே இல்லை. ஆகவே கட்டுக்கு ஒருவகை ஞாபகம் உண்டு. பத்துகளும் ஏஸ்களும் மிகுதியாக எஞ்சியிருக்கும்போது ஆடுபவருக்கு அனுகூலம்: ஒன்றரை மடங்கு தரும் கை அடிக்கடி வரும், பன்னிரண்டு முதல் பதினாறு வரை வைத்துக்கொண்டு கட்டாயமாகச் சீட்டு எடுக்கும் விடுதிக்காரர் அடிக்கடி 21-ஐத் தாண்டுவார். ஐ.பி.எம். 704 என்னும் கணிப்பொறியின் துணையால் இதைக் கணக்கிட்ட தார்ப், 1961-இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் விளக்கினார். 1962-இல் நூலாகவும் வெளியிட்டார்.

எண்ணும் முறை எளியது. ஹார்வி டப்னர் என்பவர் 1963-இல் எடுத்துரைத்த முறையே இன்றளவும் பெருவழக்கு. இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டு ஒன்று வெளிவந்தால் மனத்துக்குள் ஒன்று கூட்ட வேண்டும். பத்து மதிப்புச் சீட்டோ ஏஸோ வந்தால் ஒன்று கழிக்க வேண்டும். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு கட்டில் கூட்டற்குரியவை இருபது, கழித்தற்குரியவை இருபது. முடிவில் பூச்சியம் வரும். இடையில் எண் உயர்ந்து நின்றால், உள்ளே பெரிய சீட்டுகள் மிகுந்துள்ளன என்று பொருள். பல கட்டுகளைச் சேர்த்து ஆடும் இடங்களில், எஞ்சியுள்ள கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கொள்வார்கள். எண் உயரும்போது பணயத்தை உயர்த்துவதும், தாழும்போது குறைப்பதுமே வித்தை.

எண்ணும் கலைக்கும் சூதுக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதன்று. மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் இலையையும் காயையும் எண்ணிச் சொன்ன இருதுபன்னன், தேரோட்டியாக வந்த நளனுக்கு அந்த வித்தையைக் கற்பித்தான் என்றும், அதனால் நளன் இழந்த நாட்டைச் சூதிலேயே மீட்டான் என்றும் கதை சொல்கிறது. நளனோடு மறுபடியும் ஆடப் புட்கரன் இசைந்தான். தற்காலப் புட்கரன் அவ்வாறு செய்யமாட்டான். அவன்தான் முன்பே சோதித்துப் பார்க்கிறானே! அந்தச் சோதனையைத்தான் இனிக் காண வேண்டும்.

எண்ணத் தெரிந்தவருக்கு மொத்தத்தில் கிடைக்கும் அனுகூலம் நூற்றுக்கு ஒன்று அளவே என்று கொள்ளுங்கள். பத்து டாலர் வீதம் நூறு ஆட்டம் ஆடினால் அவர் எதிர்பார்க்கக் கூடிய இலாபம் பத்து டாலர். ஆனால் புள்ளியியலில் திட்ட விலக்கம் என்று சொல்கிறோமே, அந்த ஏற்றத்தாழ்வு ஓர் ஆட்டத்துக்குப் பணயத்தைப் போல ஏறத்தாழ 1.15 மடங்கு, நூறு ஆட்டத்துக்கு 115 டாலர். பத்து டாலர் திறமை. நூற்றுப் பதினைந்து டாலர் அதிர்ஷ்டம்! கடலலையின் மேல் மிதக்கும் ஒரு துரும்பைப் போன்றது அந்தத் திறமை. நன்கு எண்ணத் தெரிந்தவரும் நூறு மாலைகளில் நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட மாலைகளில் நஷ்டத்தோடுதான் எழுந்திருப்பார். திறமையால் வரும் இலாபம் அதிர்ஷ்டத்தின் ஏற்றத்தாழ்வுக்குச் சமமாகவேனும் வளர்வதற்கு எத்தனை ஆட்டம் வேண்டும்? 1.15-ஐ 0.01-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 13,225 ஆட்டம். மணிக்கு எழுபது ஆட்டமென்றால் 189 மணி நேரம்; நாளொன்றுக்கு நான்கு மணி வீதம் நாற்பத்தேழு நாள்.

இதிலிருந்து விடுதிக்காரருக்கு ஒரு சங்கடம் எழுகிறது. ஒருவர் இன்றிரவு ஐயாயிரம் டாலர் வென்றார் என்பதைக் கொண்டு அவர் வல்லவர் என்று சொல்ல முடியாது. தோற்றார் என்பதைக் கொண்டு பேதை என்றும் சொல்ல முடியாது. வென்றவரையெல்லாம் விரட்டினால், நாளை தோற்கப் போகிற நல்ல வாடிக்கைக்காரரை இழப்பார்கள். தோற்றவருக்கெல்லாம் விருந்து வைத்தால், வல்லவர் ஒருவரைத் தாமே வளர்த்தவர் ஆவார்கள். நாற்பத்தேழு நாள் காத்திருக்கவும் இயலாது. ஆகவே அவர்கள் பலனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஆடும் முறையைப் பார்க்கக் கற்றுக் கொண்டார்கள்.

முதற்படி, எல்லா வாடிக்கைக்காரருக்கும் பொதுவானது. மேசைகளை மேற்பார்வையிடும் அலுவலர், ஒருவர் எத்தனை நேரம் ஆடினார், சராசரியாக எவ்வளவு வைத்தார், எவ்வளவு திறமையாக ஆடினார் என்று குறித்துக் கொள்கிறார். ஓர் உதாரணம் பார்ப்போம். மணிக்கு எழுபது ஆட்டம், நான்கு மணி நேரம், சராசரிப் பணயம் 25 டாலர். ஆக 280 ஆட்டம், 7,000 டாலர் பணயம். மனம் போனபடி ஆடுபவரிடம் விடுதி எதிர்பார்க்கும் வருமானம் நூற்றுக்கு இரண்டு வீதம் 140 டாலர். அடிப்படை முறை தெரிந்தவரிடமோ அரை வீதம் 35 டாலர்தான். அவர் உண்மையில் வென்றாரா, தோற்றாரா என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. விடுதி இலவசமாகத் தரும் அறையும் உணவும் இந்த எதிர்பார்ப்பில் ஒரு பங்கே. இருவரையும் ஒன்றாக மதித்து ஐம்பது டாலர் விருந்து கொடுத்தால், பின்னவரிடம் விடுதிக்கு நஷ்டம். ஆகவே சாதாரண விருந்துபசாரத்துக்குக் கூடத் திறமையை மதிப்பிட வேண்டியிருக்கிறது.

சந்தேகம் எழுந்தால் இரண்டாவது படி. ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒளிப்படக் கருவி உண்டு. தனியறையில் இருப்பவர் அந்தப் படத்தைப் பார்த்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் விழுந்த சீட்டு, வைத்த பணயம், செய்த முடிவு ஆகியவற்றைக் கணிப்பொறியில் பதிவு செய்கிறார். தாமும் கூடவே சீட்டை எண்ணுகிறார். பிறகு மூன்று வினாக்கள். ஒன்று: இவர் அடிப்படை முறையை அறிந்தவரா? அறியாதவரானால் எண்ணத் தெரிந்திருந்தாலும் பயமில்லை; தவறுகளே அவருடைய அனுகூலத்தைத் தின்றுவிடும். இரண்டு: இவருடைய பணயம் எதைத் தொடர்ந்து ஏறி இறங்குகிறது? வென்ற கையோடு ஏற்றுவதும், தோற்றதை மீட்க ஏற்றுவதும் சாதாரண மனித சுபாவம். சீட்டின் எண் உயரும்போதெல்லாம் பணயம் உயர்ந்து, கட்டைக் கலைத்தவுடன் தாழ்ந்தால் அது சுபாவமன்று, கணக்கு. மூன்றாவது வினா எல்லாவற்றிலும் நுட்பமானது: இவர் அடிப்படை முறையை மீறும்போது, எப்போது மீறுகிறார்?

இதற்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன். விடுதிக்காரரின் திறந்த சீட்டு ஏஸாக இருந்தால், அவருக்குப் பத்து வந்துவிடுமோ என்று அஞ்சுபவர் இன்ஷ்யூரன்ஸ் என்னும் தனிப்பணயம் வைக்கலாம். பத்து இருந்தால் இரண்டு மடங்கு கிடைக்கும். இது நியாயமான பேரமாக வேண்டுமானால் எஞ்சிய சீட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு பத்தாக இருக்க வேண்டும். அந்த ஏஸ் நீங்கலாக 51 சீட்டு; பதினேழு வேண்டும்; இருப்பதோ பதினாறு. ஒரே ஒரு சீட்டு குறைவு! ஆகவே அடிப்படை முறை இதை வேண்டாம் என்கிறது. சாதாரணமானவர்கள் தம் கை நன்றாயிருக்கும்போது அதைக் காப்பாற்ற இன்ஷ்யூரன்ஸ் எடுக்கிறார்கள். எண்ணுபவரோ தம் கை எப்படியிருந்தாலும், உள்ளே பத்து மிகுந்திருக்கும்போது மட்டும் எடுக்கிறார். அடுத்த சான்று, கையில் பதினாறும் எதிரில் பத்தும் உள்ள நிலை. வாங்கு என்பது அடிப்படை முறை. ஒருவர் சிலபோது வாங்குகிறார், சிலபோது நிற்கிறார் என்றால் சபலபுத்தி என்று தோன்றும். அவர் நின்ற வேளைகளிலெல்லாம் எண் பூச்சியத்துக்கு மேல் இருந்தது என்று ஏடு காட்டினால், அது சபலமன்று, சாமர்த்தியம்.

இவ்வளவையும் மருமகனுக்குச் சொன்னபோது, "சொல்லிப் பயனென்ன மாமா, ஆடிப் பார்ப்போமே" என்றான். என் தமக்கை சீட்டுப் போட இசைந்தாள். பணயம் புளியங்கொட்டை. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வோர் ஆட்டத்தையும் அதில் குறித்தோம். மூன்று மாலைகளில் முந்நூறு ஆட்டம். முடிவில் அவன் நாற்பத்தைந்து கொட்டை வென்றிருந்தான்; நான் முப்பத்தொன்று தோற்றிருந்தேன். "கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு வரவில்லையே" என்று தமக்கை சிரித்தாள். பையனின் முகத்தில் லாஸ் வேகஸ் நகரமே தெரிந்தது.

அன்றிரவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, விடுதிக்காரரின் மூன்று வினாக்களையும் இருவருக்கும் போட்டுப் பார்த்தேன். அவன் வென்ற உற்சாகத்தில் ஏற்றியிருந்தான். எண்ணைப் பல இடங்களில் தவற விட்டிருந்தான். கையில் இருபது வந்தபோதெல்லாம் இன்ஷ்யூரன்ஸ் எடுத்திருந்தான். நான் தோற்றிருந்தாலும் என் பணயம் எண்ணோடு ஒட்டியே சென்றிருந்தது. மறுநாள் காலை நோட்டை அவன் முன் வைத்து, "இதை விடுதிக்காரர் பார்த்தால் நம் இருவரில் யாரை வெளியே அனுப்புவார்?" என்று கேட்டேன். நெடுநேரம் பக்கங்களைப் புரட்டினான். "உங்களைத்தான் மாமா. எனக்கு அறையும் சாப்பாடும் இலவசமாகக் கொடுத்து, நாளைக்கும் வா என்பார்கள்" என்றான். அந்த விடைக்கு முழு மதிப்பெண் தந்தேன்.

இனி, விடுதிக்காரர்கள் எப்போதும் சரியாகவே மதிப்பிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தார்ப்பின் நூலைக் கண்டு அஞ்சிய லாஸ் வேகஸ் விடுதிகள் 1964 ஏப்ரலில் ஆட்டத்தின் விதிகளையே கடுமையாக்கின. வல்லவர்களை விரட்டப் போய், வாடிக்கைக்காரர்களையே விரட்டின. சில வாரங்களிலேயே பழைய விதிகள் திரும்பின. வேடிக்கை என்னவென்றால், அந்நூலுக்குப் பிறகு ஆட்டத்துக்குக் கூட்டம் பெருகியது. கணக்குத் தெரிந்தவர் சிலர். தெரிந்துவிட்டதாக எண்ணியவர் பலர். அந்தப் பலரால் விடுதிகள் செழித்தன. பின்னர் 1970-களின் தொடக்கத்தில் அல் ஃபிரான்செஸ்கோ என்பவர் ஒரு கூட்டு முறையை வகுத்தார். பல மேசைகளில் சிலர் சிறு பணயம் வைத்து அமைதியாக எண்ணிக் கொண்டிருப்பர். எண் உயர்ந்ததும் சைகை காட்டுவர். செல்வந்தர் போன்ற ஒருவர் வந்து பெரும் பணயம் வைப்பார். எண் தாழ்ந்ததும் போய்விடுவார். எண்ணுபவரின் பணயம் ஏறுவதில்லை. பெரும் பணயக்காரர் எண்ணுவதாகத் தெரிவதில்லை! இரண்டாவது வினா இங்கே தோற்றது. அதன் பிறகு, யார் யாரோடு வருகிறார், யார் மேசையில் யார் எப்போது வந்து சேர்கிறார் என்பதையும் கவனிக்கலானார்கள்.

வல்லவர் என்று முடிவானால் என்ன செய்வார்கள்? மனத்தால் எண்ணுவது அமெரிக்காவில் குற்றமன்று; அடையாளமிட்ட சீட்டைப் புகுத்துவது போன்ற மோசடி வேறு, இது வேறு. கருவியின் துணையால் எண்ணுவதை மட்டும் நெவாடா மாநிலம் 1985-இல் சட்டத்தால் தடுத்தது. ஆகவே விடுதியார் சீட்டை அடிக்கடி கலைப்பார்கள். பணயத்துக்கு வரம்பு கட்டுவார்கள். நெவாடாவில், "வேறு எந்த ஆட்டமும் ஆடுங்கள், இது மட்டும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியும் விடுவார்கள். நியூ ஜெர்சி மாநிலத்தில் கென் உஸ்டன் என்னும் ஆட்டக்காரர் இதை எதிர்த்து வழக்காடினார். ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்யாதிருக்கையில், சீட்டை எண்ணுகிறார் என்பதற்காக விடுதி தானாகவே ஒருவரை விலக்க முடியாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. வெளியேற்றும் வழி அடைபட்டாலும், கலைக்கும் கை அடைபடவில்லை.

நேயர்களே, இந்த வாணிகத்தின் தன்மையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அங்கே முன்வாயிலில் வரவேற்கப்படுபவர் யார்? இழக்கக் கூடியவர். வழியனுப்பப்படுபவர் யார்? சிந்திக்கக் கூடியவர். ஒருவருக்கு இலவச அறையும் விருந்தும் கிடைக்கின்றன என்றால், அவரது அறிவைப் பற்றி விடுதி போட்ட மதிப்பெண் என்ன என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் எச்சரிக்கைக்கு, விடுதிக்காரரின் கணக்கேடு புதிய சான்றாக நிற்கிறது.

ஆனால் அவர்களிடமிருந்து நாம் கற்கத்தக்க பாடம் ஒன்றும் உண்டு. பலனை மட்டும் கண்டு ஒருவரைப் புகழ்வதும் இகழ்வதும் நம் வழக்கமாக இருக்கிறது. படிக்காமல் போய் நான்கு கேள்வி தற்செயலாக வந்து தேறியவன் தன் முறையே சிறந்ததென்று நம்புகிறான். ஒழுங்காகப் படித்து ஒருமுறை தவறியவன் தன்னையே வெறுத்துக் கொள்கிறான். இருவரும் புளியங்கொட்டையை எண்ணுகிறார்கள், நோட்டைப் பார்க்கவில்லை. விடுதிக்காரர் இத்தவற்றைச் செய்வதில்லை. வென்றானா என்று கேட்பதற்கு முன், எப்படி ஆடினான் என்று கேட்கிறார். நாமும் நம்மை அவ்வாறே கேட்டுக் கொள்ளலாம். தோல்வி வந்த நாளில் நோட்டைத் திறந்து பார்த்து, வழிமுறை சரியாயிருந்தால் அதைக் கைவிடாதிருக்க வேண்டும். வெற்றி வந்த நாளில் இன்னும் அதிக அக்கறையோடு திறந்து பார்க்க வேண்டும். ஏனெனில் வென்ற நாளில்தான் யாரும் நோட்டைத் திறப்பதில்லை.

என் மருமகன் இப்போது அமெரிக்காவில் படித்துக் கொண்டிருக்கிறான். படிப்புச் செலவுக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் மாலை நேர வேலை பார்க்கிறான். ஊருக்குப் புறப்பட்ட அன்று சீட்டுக்கட்டை என் மேசையில் வைத்துவிட்டு, அந்த நோட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.